ஹவுழ் தண்ணீர் கலங்கியதும், நாங்கள் விட்ட பிழையும்



எங்கட பள்ளி ஹவுழ் ஏன் மூன்று மாதமாகப் பால் நிறத்தில் கிடந்தது, இப்போது எப்படித் தெளிந்தது என்று பலரும் கேட்கிறீர்கள். ஜும்ஆ முடிந்து வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் சொல்லி முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். வீட்டில் பெரிய தாங்கி வைத்திருப்பவர்களுக்கும், ஹோட்டல்களில் நீச்சல் தடாகம் பார்த்துக்கொள்ளும் தம்பிமாருக்கும் பிரயோசனப்படும். நாங்கள் விட்ட பிழையும் இதில் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் எழுதுவது சரியில்லை.

இந்த ஹவுழை எங்களில் பலர் முதலில் கதையாகத்தான் அறிந்தோம். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி ஜின்னா மைதானத்துக்கு வரச் சொல்லி, இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது, எங்கட பெரியவர்கள் விட்டுவிட்டுப் போனவற்றில் இதுவும் ஒன்று. இதை எழுதும் நாங்கள் கைக்குழந்தைகளாகத் தூக்கிச் செல்லப்பட்டவர்கள், அல்லது புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் பிறந்தவர்கள். "அடியில விழுந்த அஞ்சு சதக் காசும் தெரியும், அப்பிடித் தண்ணி" என்று மூத்தாப்பாமார் சொல்வார்கள். திரும்பி வந்து பார்த்தபோது ஹவுழுக்குள் ஆலங்கன்று முளைத்திருந்தது. குழாய் பூட்டினால் போதும், இதை மூடிவிடுவோம் என்று சிலர் சொன்னார்கள். பெரியவர்கள் சம்மதிக்கவில்லை. வெடிப்பைப் பூசி, ஓடு பதித்து, திரும்ப நிரப்பினோம்.

அந்தக் காலத்தில் கிழமைக்கு ஒருமுறை தண்ணீரை முழுக்க இறைத்து, தும்பால் தேய்த்துக் கழுவி, கிணற்றிலிருந்து புதிதாக நிரப்புவார்களாம். எங்கட ஹவுழ் 20 அடி நீளம், 10 அடி அகலம், 3 அடி ஆழம். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 17,000 லீற்றர். கோடையில் ஒவ்வொரு கிழமையும் இவ்வளவு தண்ணீரை ஒரு கிணற்றிலிருந்து எடுத்தால் கிணறு உவராகிவிடும். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. மழைத்தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. கூட இறைத்தால் உப்பு மேலே வரும். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு முன் நீச்சல் தடாகத்துக்குப் பூட்டுவது போன்ற மணல் வடிகட்டி ஒன்றைப் பூட்டினோம். பூட்டித் தந்தவர் கொக்குவில் பக்கத்து அண்ணை ஒருவர்.

வடிகட்டிக்குள் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஒரு பீப்பா, அதற்குள் 100 கிலோ அளவில் ஒரே சீரான சிலிக்கா மணல், அடியில் விரல்கள் போல விரிந்த சிறு குழாய்கள். மோட்டர் தண்ணீரை மேலிருந்து தள்ளும். அழுக்கு மணலில் மாட்டிக்கொள்ளும், தண்ணீர் விரல் குழாய்களால் திரும்பி வரும். அழுக்குச் சேரச் சேர அமுக்கமானியின் முள் ஏறும். அப்போது தண்ணீரைத் தலைகீழாக, கீழிருந்து மேலே ஓடவிட்டு மணலைக் கழுவி, அழுக்கை வெளியே விடவேண்டும். அண்ணை இதையெல்லாம் சொல்லித் தந்து, சுவரில் ஒரு கொப்பியும் தொங்கவிட்டுப் போனார். முள் எங்கே நிற்கிறது என்று நாளுக்கு நாள் எழுதச் சொன்னார். அந்தக் கொப்பியில் 11 நாள் கணக்கு மட்டும்தான் இருக்கிறது. பன்னிரண்டாம் நாள் எழுதவேண்டியவர்கள் நாங்கள்தான்.

நோன்புக்கு முந்திய மாதம் தண்ணீர் மங்கத் தொடங்கியது. ஒருவர் குளோரின் தூள் ஒரு கோப்பை போட்டார். தெளியவில்லை. அடுத்த நாள் இன்னொருவர் இரண்டு கோப்பை. பிறகு படிகாரம். பிறகு திரும்பக் குளோரின் தூள். யார் எவ்வளவு போட்டது என்று யாருக்கும் தெரியாது. அதற்கிடையில் ஏறி நின்ற முள் தானாகவே இறங்கியது. வடிகட்டி சரிவந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டோம். தண்ணீரோ இன்னும் வெள்ளையானது.

மௌலவியிடம் கேட்டோம். "ரெண்டு குல்லத்தத் தாண்டின தண்ணி. கலங்கினதால மட்டும் வுழூ கூடாமப் போகாது" என்றார். அதைப் பிடித்துக்கொண்டு நாட்களைக் கடத்தினோம்.

அண்ணை வருட சேர்விஸுக்கு வந்து போயிருந்தார். அவருடைய காசை, "தண்ணி தெளியட்டும், பிறகு பாப்பம்" என்று நிறுத்தி வைத்தோம். மஹல்லா வட்ஸ்அப் குழுவில் ஒருவர், "பழைய மணலப் போட்டு ஏமாத்திட்டான்" என்று எழுதினார். எங்களில் பலர் அதற்குக் கீழே பெருவிரல் போட்டோம்.

ஒரு நாள் அஸருக்குக் கொஞ்சம் முன்னால், நாலு வயதுப் பிள்ளை ஒன்று தண்ணீரில் விழுந்த தொப்பியை எட்டப் போய் உள்ளே விழுந்துவிட்டது. ஆழம் மூன்றடிதான். பக்கத்தில் நின்றவருக்குச் சத்தம் கேட்டது, பிள்ளை எங்கே என்று தெரியவில்லை. குதித்து, இரண்டு கையாலும் துழாவித்தான் தூக்கினார். அல்ஹம்துலில்லாஹ், பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. இருமியது, அழுதது, உம்மாவிடம் போனது. துழாவியவர் இஷா வரைக்கும் யாருடனும் பேசவில்லை.

நீச்சல் தடாகங்களில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அடியில் இருக்கும் வடிகால் மூடி மேலிருந்து தெளிவாகத் தெரியாவிட்டால் யாரையும் இறங்க விடக்கூடாது. அதை நாங்கள் அன்றுதான் விளங்கிக்கொண்டோம். மௌலவியும் அன்று இரவு சொன்னார்: "வுழூவப் பத்திக் கேட்டீங்க, சொன்னேன். புள்ள விழுந்தாத் தெரியாத தண்ணிய வச்சிருக்கலாமா எண்டு நீங்க கேக்கல்ல." ஹவுழைச் சுற்றிக் கயிறு கட்டி மூடினோம்.

கல்வியியற் கல்லூரியில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித்தந்தது: முதலில் அவதானி, பிறகு ஊகி, பிறகு சோதி. பிள்ளைகளுக்கு அதைப் படிப்பிக்கிற நாங்கள் மூன்று மாதமாக ஊகத்தை மட்டுமே கோப்பை கோப்பையாகக் கொட்டியிருக்கிறோம். அன்றிரவு ஹவுழ்த் தண்ணீரை மூன்று கண்ணாடிக் கிளாஸில் எடுத்தோம். ஒன்றை அப்படியே விட்டோம். ஒன்றைக் காலை வரை ஆடாமல் வைத்தோம். மூன்றாவதில் இரண்டு கரண்டி வினாகிரி விட்டோம். அரை நிமிடத்தில் அந்தக் கிளாஸ் தெளிந்துவிட்டது. காலையில் பார்த்தால், ஆடாமல் வைத்த கிளாஸின் அடியில் மெல்லிய வெள்ளைப் படிவு.

அழுக்கோ பாசியோ வினாகிரிக்குக் கரையாது. கரைந்தது சுண்ணாம்பு. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே பொருள். எங்கட கிணற்றுத் தண்ணீரில் அது கரைந்து, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. குளோரின் தூள் காரத்தன்மை உள்ளது, அதிலும் கல்சியம் இருக்கிறது. தண்ணீரின் பி.எச். ஏறினால் கரைந்திருந்த சுண்ணாம்பு மாத்தூள் போல வெளியே வந்துவிடும். தண்ணீரைத் தெளிய வைக்க என்று போட்ட தூளே அதைக் கலக்கியிருக்கிறது. பி.எச். கூடிய தண்ணீரில் படிகாரமும் சரியாக வேலை செய்யாது, மிச்சம் போய் மணலை அடைக்கும்.

அடுத்த வேலை அண்ணைக்குக் கோல் எடுப்பது. அது வினாகிரிச் சோதனையைவிடக் கஷ்டமாக இருந்தது. அவர் மறுக்காமல் வந்தார். தண்ணீரைச் சோதித்தார், பி.எச். 8ஐத் தாண்டி நின்றது. "சேர், மோட்டர நிப்பாட்டாமக் கைபிடியத் திருப்பினனீங்களோ?" என்று கேட்டார். திருப்பியிருக்கிறோம். வால்வுக்குள் இருந்த றப்பர் கிழிந்து, தண்ணீரில் ஒரு பகுதி மணலுக்குள் போகாமலே திரும்பி வந்துகொண்டிருந்தது. பீப்பாவைத் திறந்தால் மணல் கட்டி கட்டியாக இறுகிக் கிடந்தது. ஒரு கட்டியில் அமிலம் விட்டார், நுரைத்துப் பொங்கியது. கட்டிகளுக்கு நடுவில் வாய்க்கால் போல ஓட்டை. தண்ணீர் அந்த ஓட்டையால் சுகமாகப் போய்வந்திருக்கிறது. முள் இறங்கியதன் காரணம் அதுதான். ஒழுங்காகப் பார்த்தால் ஐந்து, ஏழு வருடம் வரும் மணலை நாங்கள் இரண்டு வருடத்தில் கெடுத்துவிட்டோம்.

கடற்கரை மணலை அள்ளிப் போடலாமா என்று ஒருவர் கேட்டார். அதில் சிப்பித் தூளும் உப்பும் இருக்கும், மணி ஒரே அளவாக இருக்காது, வேண்டாம் என்றார் அண்ணை. புது மணலைப் போடும்போது பீப்பாவில் முதலில் பாதிக்குத் தண்ணீர் நிரப்பினார். இல்லாவிட்டால் விழுகிற மணலின் பாரத்தில் அடியில் உள்ள விரல் குழாய்கள் உடையும். பி.எச்.சை அவரே அளந்து குறைத்தார். மூன்றாம் நாள் அடி தெரிந்தது.

மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் சிலதை எழுதி வைக்கிறோம்:

1. தண்ணீர் கலங்கினால் எதையும் போடாதீர்கள். முதலில் ஒரு கிளாஸில் எடுத்து வினாகிரி விட்டுப் பாருங்கள். தெளிந்தால் சுண்ணாம்பு. தெளியாவிட்டால் தூசி, பாசி அல்லது வடிகட்டிக் கோளாறு.

2. மணல் கழுவிய அன்று முள் எங்கே நிற்கிறது என்று குறியுங்கள். அதைவிட 8 முதல் 10 பி.எஸ்.ஐ. ஏறினால் திரும்பக் கழுவுங்கள். காரணம் இல்லாமல் இறங்கினாலும் சந்தேகப்படுங்கள்.

3. வால்வின் கைபிடியைத் தொடுமுன் மோட்டரை நிறுத்துங்கள்.

4. தலைகீழாகக் கழுவுவது இரண்டு, மூன்று நிமிடம், பார்வைக் கண்ணாடியில் தண்ணீர் தெளியும்வரை. பிறகு அரை நிமிடமாவது அலசல். அலசாவிட்டால் மிச்ச அழுக்கு திரும்ப உள்ளே வரும்.

5. ஹவுழுக்குள் மணல் வந்து விழுந்தால் விரல் குழாய் உடைந்திருக்கலாம். பீப்பாவைத் திறக்கத்தான் வேண்டும்.

6. குளோரினை அளந்து போடுங்கள். லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், பி.எச். 7.2 முதல் 7.8. அளக்கும் பெட்டி பெரிய விலையில்லை.

7. அமிலத்தையும் குளோரின் தூளையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள், ஒரே அலுமாரியில்கூட வைக்காதீர்கள். வரும் வாயு ஆளைக் கொல்லும். அமிலத்தைத் தண்ணீருக்குள்தான் விடவேண்டும், தண்ணீரை அமிலத்துக்குள் விடக்கூடாது.

இன்னொன்று, உம்மாமாருக்கு. ஹவுழ் தெளிந்துவிட்டது என்று பிள்ளைகளை அதில் குடிக்க விடாதீர்கள். தோட்டங்களின் பசளையிலிருந்தும் மலசலக் குழிகளிலிருந்தும் நைத்திரேற்று எங்கட கிணறுகளுக்கு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, பால் மாவுக்கு அந்தத் தண்ணீரைச் சேர்க்கும் கைக்குழந்தைகளுக்குத்தான் ஆபத்துக் கூட. மணல் வடிகட்டி அதைப் பிடிக்காது, கொதிக்க வைத்தாலும் போகாது. கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுப்பதுதான் வழி.

கடைசியாக, கணக்கு. அண்ணையின் சேர்விஸ் காசையும் புது மணலின் செலவையும் ஒன்றாகக் கொடுத்தோம். குழுவில் எழுதியதைப் பற்றியும் நேரே சொன்னோம். அவருக்கு அது முன்னமே தெரியும். யாரோ படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். "அதுக்குப் பிறகு உங்கட பக்கம் ரெண்டு வேல தவறிப்போச்சு, சேர்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எங்களுக்கும் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

தேத்தண்ணி குடிக்கும்போது ஹவுழின் கதையைக் கேட்டார். சொன்னோம். திகதியைக் கேட்டதும் கோப்பையைக் கீழே வைத்தார். "எங்களுக்கும் ஒக்டோபர் 30தான். தொண்ணூற்றஞ்சில. அம்மாவச் சைக்கிள்ல வச்சு, மழைக்குள்ள சாவகச்சேரிக்கு நடந்தனாங்கள்" என்றார். பிறகு எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய கொப்பியைத் திருப்பிப் பார்த்தார்.

குழுவில் அந்தச் செய்தியை எழுதியவர் அதை அழித்துவிட்டார். அழித்தால் போதாது என்பதால்தான் இந்தப் பதிவு. அவர் ஏமாற்றவில்லை. பிழை எங்களுடையது. அவருடைய தவறிப்போன அந்த இரண்டு வேலைக்காரரும் இதை வாசித்தால், தயவுசெய்து அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள். நம்பர் எங்களிடம் இருக்கிறது.

கொப்பியில் இப்போது 40 நாள் கணக்கு இருக்கிறது. சுபஹுக்கு வரும் ஓ.எல். பிள்ளைகள் முறை வைத்து எழுதுகிறார்கள். போன வெள்ளிக்கிழமை மூத்தாப்பா ஒருவர் சட்டைப் பையிலிருந்து ஒரு குற்றிக் காசை எடுத்து ஹவுழுக்குள் போட்டுவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். அதை இன்னும் யாரும் எடுக்கவில்லை.

துஆவில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வஸ்ஸலாம்.