பஸ்ஸுக்கு வைத்த பேர்

மதுரைப் பக்கம் அந்தக் காலத்தில் பஸ் என்றாலே டி.வி.எஸ்.தான். சுந்தரம் அய்யங்கார் 1912-ல் ஆரம்பித்த தொழில். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது கரியை எரித்து வரும் வாயுவில் பஸ் ஓட்டினார்களாம். கிளம்பும் முன் அடுப்பு மூட்ட வேண்டும், யோசித்துப் பாருங்கள்!

1972-ல் அரசு எடுத்துக்கொண்டதும் அந்த பஸ்கள் "பாண்டியன்" ஆயின. சென்னைக்குப் பல்லவன், கோவைக்குச் சேரன், கும்பகோணத்துக்குச் சோழன். பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகமே டயர் மாட்டி ஓடின மாதிரி. அப்புறம் கழகங்களைப் பிரிக்கப் பிரிக்க திருநெல்வேலிக்குக் கட்டபொம்மன், காரைக்குடிக்கு மருதுபாண்டியர் என்று பேர்கள் கூடிக்கொண்டே போயின.

1997-ல் விருதுநகர் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேரை வைத்தார்கள். கட்டபொம்மனின் தளபதி அவர். தேவேந்திரகுல வேளாளர். அந்தப் பேர் எழுதின பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று மற்ற சாதியினர் சிலர் கிளம்ப, தென்மாவட்டங்களில் கலவரம், உயிர்ப்பலி. இத்தனை வருஷம் கட்டபொம்மன் பஸ்ஸில் போய்வந்தவர்களுக்கு அவருடைய தளபதி பேர் மட்டும் எப்படி உறுத்தியது?

அரசு என்ன செய்தது தெரியுமா? எதிர்த்தவர்களிடம் மல்லுக்கு நிற்காமல், எல்லாக் கழகங்களிலிருந்தும் பேரை எடுத்துவிட்டது. மாவட்டங்களுக்கு வைத்திருந்த தலைவர்கள் பேரும் போனது. அமைதி திரும்பியது, சரி. ஆனால் ஏறமாட்டேன் என்றவர்கள் கேட்டது கிடைத்துவிட்டதே என்றுதான் எனக்குப் படுகிறது.

எங்கள் தாத்தா இன்றும் "பாண்டியன்ல வந்தேன்" என்பார். சுந்தரலிங்கம் பஸ்ஸில் வந்தேன் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.