கூரையில்லாக் காருக்குக் குளிர்சாதனம் எதற்கு?

ஜனவரி மாதத்து மாலைப் பொழுதில் துபாயின் ஷேக் ஸாயித் சாலையில் நீங்கள் பயணம் செய்ய நேர்ந்தால், மேற்கூரையைப் பின்னால் மடித்துவிட்டுக் காற்று வாங்கியபடி செல்லும் கார்களைக் காண்பீர்கள். கன்வெர்ட்டிபிள் என்பது அவற்றின் பெயர். அங்கே பணிபுரியும் என் சகோதரியின் மகனுக்கு அத்தகைய பழைய கார் ஒன்று மலிவாகக் கிடைக்கிறதாம். அதில் ஏ.சி. மட்டும் வேலை செய்யவில்லை. "கூரையே இல்லாத காருக்கு ஏ.சி. எதற்கு மாமா?" என்று கேட்டு எழுதியிருந்தான்.

கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் வரும் மே மாதம் அவனுடைய மனைவியும் இரண்டு வயதுக் குழந்தையும் அங்கு செல்லவிருக்கின்றனர்.

அந்நாட்டு வெயிலை நம்மூர் வெயிலாகக் கருதிவிடாதீர்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பகல் வெப்பம் 40 டிகிரியை எளிதில் தாண்டும். நம் தோலின் வெப்பமோ ஏறத்தாழ 35 டிகிரிதான். அதனினும் சூடான காற்று முகத்தில் மோதினால், அது உடலின் சூட்டை எடுத்துச் செல்லாது. மேலும் சூட்டைக் கொண்டுவந்து சேர்க்கும். வியர்வை உலர்வது ஒன்றே அப்போது உடலைக் குளிர்விக்க வல்லது. கடலோர நகரமாகிய துபாயில் காற்றின் ஈரம் அதற்கும் தடையாகிவிடுகிறது. ஓடும்போதாவது காற்று உண்டு; சிவப்பு விளக்கில் நின்றுவிட்டால் தலைக்கு நேரே சூரியன்தான்! பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் உடல் விரைவாகச் சூடேறும் என்பதையும் தாய்மார்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

ஆகவே, கோடை முழுவதும் அந்தக் காரின் கூரை மூடியே இருக்கும். மூடிய பின் அதுவும் மற்றக் கார்களைப் போன்றதே. ஏ.சி. தேவைப்படுவது கூரை மூடியிருக்கும் அந்த மாதங்களுக்காகத்தான்.

குளிர்காலத்தின் கதை வேறு. ராஸ் அல் கைமாவின் ஜெபல் ஜைஸ் மலை 1,900 மீட்டருக்கும் அதிக உயரமுடையது. துபாயிலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். மொட்டைப் பாறைகளுக்கிடையே வளைந்து வளைந்து ஏறும் அச்சாலையில் ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி வீதம் வெப்பம் குறைகிறது. அஸ்ருக்குப் பின் கூரையைத் திறந்துகொண்டு ஏறுபவர் ஏ.சி.யை நினைக்கவும் மாட்டார், ஹீட்டரைத்தான் தேடுவார். கால்மாட்டில் வெதுவெதுப்பும் தலைக்கு மேலே விண்மீன்களுமாக இறங்கி வரலாம்.

அமெரிக்காவில் பேக்கார்டு நிறுவனம் 1939-இல் காருக்குள் குளிர்சாதனத்தைக் கொண்டுவந்தது. பின்னாளில் அது பரவியதும், கூரை திறக்கும் கார்களின் மோகம் அங்கே தணிந்ததற்கு ஒரு காரணம். 1976-இல் காடிலாக் நிறுவனம் தன் எல்டொராடோ காரை நாட்டின் கடைசிக் கன்வெர்ட்டிபிள் என்று விளம்பரம் செய்தே விற்றது! 1982-இல் கிரைஸ்லர் அவ்வகையை மீண்டும் உயிர்ப்பித்தது வேறு விஷயம்.

மருமகனுக்கு நான் எழுதியது இதுதான்: ஏ.சி.யைப் பழுதுபார்க்கும் செலவைக் காரின் விலையோடு கூட்டிப் பார். வாயு மட்டும் குறைந்திருந்தால் செலவு சிறிது. கம்ப்ரஸரே போயிருந்தால் பெரிது. கூட்டிய தொகை, பின்னிருக்கை தாராளமாயுள்ள சாதாரணக் கார் ஒன்றின் விலையை எட்டுமானால் அதனையே வாங்கிவிடு. மலையேற ஆசை வந்தால், ஒருநாள் வாடகைக்குக் கூரை திறக்கும் கார் துபாயிலேயே கிடைக்கிறது.

மெக்கானிக் சொல்லப்போகும் தொகைக்காக அவன் இப்போது காத்திருக்கிறான்.