நிழலோடு சண்டை போட்ட இளவரசன்

கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி இந்தக் கிழவனுக்கு என்ன தெரியும் என்று நினைக்காதீர்கள். 1990களில் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' தெரியாதவர்கள் குறைவு. சம்பளப் பட்டியல் போட வந்த கம்ப்யூட்டருக்குள், யாருடைய சட்டைப் பையிலிருந்தோ ஒரு ஃப்ளாப்பி வழியாக அந்த இளவரசனும் வந்து சேர்ந்தான்.

கதை சின்னது. ஜாஃபர் என்ற மந்திரி இளவரசிக்கு ஒரு மணி நேரம் கெடு வைக்கிறான்: என்னைக் கட்டிக்கொள், இல்லையென்றால் சாவு. நிலவறையில் அடைபட்டிருக்கும் நம் ஆள் 60 நிமிடத்துக்குள் மேலே வந்து அவளை மீட்க வேண்டும். இதை உருவாக்கியவர் ஜோர்டான் மெக்னர் என்ற அமெரிக்கர். 1989இல் ஆப்பிள் II கம்ப்யூட்டருக்காகச் செய்தார். தம்பிக்கு வெள்ளை உடை போட்டு ஓடவும் குதிக்கவும் வைத்து வீடியோ எடுத்து, அதைப் பார்த்துப் பார்த்து இளவரசனின் அசைவுகளை வரைந்தார். இசை அவருடைய அப்பா போட்டது. வீட்டோடு சேர்ந்து முறுக்கு சுட்டு விற்கிற மாதிரிதான்.

அதனால்தான் அந்தச் சின்ன உருவத்துக்கு மனித உடம்பின் கனம் இருந்தது. ஓடினால் சட்டென்று நிற்க மாட்டான், இரண்டடி சறுக்குவான். இரண்டு மாடி விழுந்தால் ஓர் உயிர் போகும், மூன்று மாடி என்றால் கதை முடிந்தது. பள்ளத்தைத் தாண்ட, பின்னால் எத்தனை அடி போக வேண்டும் என்று எண்ணிவிட்டுத்தான் ஓடுவோம். எங்கள் அலுவலகத் திரை கறுப்பு வெள்ளை. குப்பியில் இருப்பது சிவப்பு மருந்தா நீல விஷமா என்று குடித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

என்னோடு விளையாடியவர் பக்கத்து மேசைக்காரர். ஒரே பதவி உயர்வுக்கு இருவரும் மனு போட்டிருந்தோம், சீனியாரிட்டித் தகராறு. காலையில் வணக்கம் கிடையாது. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் மேசைக்குக் கோப்பு பியூன் மூலமாகத்தான் போகும். மதியம் ஒன்றிலிருந்து ஒன்றரை வரை மட்டும் ஒரே விசைப்பலகை. அம்புக்குறிகள் எனக்கு, ஷிஃப்ட் அவருக்கு. "பிடிங்க", "விடுங்க" தவிர வேறு பேச்சில்லை. மணி அடித்ததும் கண்ட்ரோலையும் ஜி-யையும் அழுத்திச் சேமித்துவிட்டு அவரவர் மேசைக்குப் போய்விடுவோம்.

நான்காம் கட்டத்தில் ஒரு கண்ணாடி வரும். அதை உடைத்துக்கொண்டு இளவரசன் பாயும்போது, அவன் நிழல் பிரிந்து எதிர்ப்பக்கம் ஓடிவிடும். நிழல், மரத்தடி நிழல் இரண்டுக்கும் தமிழைப் போலவே பிரெஞ்சிலும் 'ஓம்ப்ர்' என்று ஒரே சொல்தான், ஆங்கிலத்துக்குத்தான் இரண்டு வேண்டும். அந்த நிழல் பிறந்த காரணம் வேடிக்கையானது. புதிதாக ஓர் எதிரியை வரைந்து வைக்க ஆப்பிளின் நினைவகத்தில் இடமில்லை. எனவே இளவரசனின் படங்களையே நிறம் மாற்றி எதிரியாக்கினார் மெக்னர். தட்டுப்பாட்டில் கிடைத்த பாத்திரம்.

பன்னிரண்டாம் கட்டத்தில் அந்த நிழல் வாளோடு வழிமறிக்கும். நாம் அதை வெட்டினால் நம் உயிர்தான் குறையும். ஒரு வாரம் செத்துச் செத்துப் பிழைத்தோம். ஒரு நாள் அவர் என் பக்கம் கை நீட்டிக் கீழ் அம்புக்குறியை அழுத்தினார். இளவரசன் வாளை உறையில் போட்டான். நிழலும் போட்டது. இரண்டும் நெருங்கி ஒன்றாயின. அதற்கப்பால் வெறும் பாழ்வெளி, ஆனால் ஓடினால் காலடியில் தரை முளைக்கும். அன்று மணி அடித்தும் நாங்கள் எழவில்லை. (பதவி உயர்வு கடைசியில் மூன்றாவது ஆளுக்குப் போனது, அது வேறு கதை.)

பிரான்சில் இருக்கும் மச்சினர் மகன் 2009இல் விடுமுறைக்கு வந்தபோது புதிய பதிப்பைப் போட்டுக் காட்டினான். 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா கிளாசிக்', பிரெஞ்சு நிறுவனமான யூபிசாஃப்ட் 2007இல் வெளியிட்டது. அரண்மனை பழையதுதான், ஒரு மணி நேரக் கெடுவும் இருக்கிறது. ஆனால் சுவரும் பந்த வெளிச்சமும் கண்ணைப் பறித்தன. குப்பிகளின் நிறமும் தெரிந்தது, இதை முதலிலேயே கொடுத்திருக்கலாம். இளவரசனோ தண்ணீராக ஓடுகிறான், சுவரை உதைத்து எகிறுகிறான், வாள்வீச்சும் வேறு மாதிரி. அழகுதான். ஆனால் அந்தப் பள்ளங்கள் எல்லாம் பழைய கால்களுக்காக அளந்து வெட்டியவை. புதுக் காலுக்கு அவை படிக்கட்டு மாதிரி. விளிம்பில் நிற்கும்போது வயிற்றைப் பிசையும் அந்தப் பயம் எனக்கு வரவில்லை.

பன்னிரண்டாம் கட்டம் வந்தது. பையன் நிழலை வெட்டிக்கொண்டே இருந்தான், உயிர் குறைந்துகொண்டே போனது. "வாளை உறையில போடுப்பா" என்றேன். போட்டான். திரும்பி, "யார் மாமா சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டான்.

பக்கத்து மேசைக்காரர் இறந்து அப்போது ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அவர் பெயரைச் சொன்னேன்.