இருவருக்கும் ஒரே வேளையில் இலை

'வீட்டில் அடுப்பு இருக்க, வெளியில் ஏன் சாப்பாடு?' என்னும் கேள்வி சேலம், நாமக்கல் பக்கத்துக் குடும்பங்களில் இன்றும் ஓய்ந்துவிடவில்லை. கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு கேட்பதும் இல்லை. தறி ஓட்டியும், மரவள்ளி பயிரிட்டும், லாரியில் ஊர் ஊராய் அலைந்தும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வீடு கட்டிய மக்கள் நாம். ஓட்டலில் கொடுக்கும் காசு வீண் காசு என்னும் எண்ணம் நம்முள் ஊறிப்போன ஒன்று. ஆயினும் மாதம் இருமுறை கணவனும் மனைவியுமாக வெளியே சென்று உண்ணும் வழக்கத்தை நாங்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கைக்கொண்டு வருகிறோம். அதனால் எங்கள் இல்லறம் பெற்ற நன்மையை வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்வது தகும் என எண்ணுகிறோம்.

முதலில், நாங்கள் செல்லும் இடங்களைப் பற்றிச் சில சொற்கள். மாதத்தில் ஒரு மாலை சிற்றுண்டிக்கு உரியது. சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாப்பேட்டைப் பக்கங்களில் அந்தி சாயும் நேரத்தில் தள்ளுவண்டிகள் வந்து நிற்கும். அங்கே கிடைக்கும் 'தட்டுவடை செட்' இந்நகருக்கே உரிய பண்டம். ஒரு தட்டுவடையின் மேல் காரச் சட்டினியும் புதினா, கொத்துமல்லிச் சட்டினியும் தடவி, துருவிய பீட்ரூட், கேரட், நறுக்கிய வெங்காயம் ஆகியவற்றை வைத்து, மற்றொரு தட்டுவடையால் மூடித் தருவார்கள். வாயில் போட்டவுடன் மொறுமொறுப்பும் காரமும் இனிப்பும் ஒன்றாய்ச் சேரும். ஒரு தட்டு வாங்கி இருவரும் பகிர்ந்து உண்பதே எங்கள் வழக்கம். வயிற்றுக்கும் அது நலம், பணப்பைக்கும் நலம்.

மற்றொரு நாள் முழுச் சாப்பாட்டுக்கு உரியது. சேலத்தில் செல்வி மெஸ் போன்ற அசைவ உணவகங்களுக்குச் செல்வோம். சில மாதங்களில் சற்று நெடுந்தூரம் போவதும் உண்டு. 1934-இல் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையைக் கண்டபின், அதன் அருகில் உள்ள கடைகளில் பொரித்த மீன் வாங்கி உண்போம். காவிரிக் கரையில் ஈரோட்டுக்கு எதிரே இருக்கும் பள்ளிபாளையத்தின் பெயரால் வழங்கும் கோழி வறுவலும் எங்களுக்கு விருப்பமானது. மசாலாப் பொடிகளை அள்ளிக் கொட்டாமல் காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல் ஆகியவற்றைக் கொண்டே சமைப்பது அதன் சிறப்பு. முட்டைக்குப் பேர்போன நாமக்கல்லில், பாதி வெந்தும் வேகாமலும் இருக்கும் 'கலக்கி'யைப் பரோட்டாவுடன் உண்ணலாம். கொல்லிமலைக்குச் சென்றால் முடவாட்டுக்கால் கிழங்குச் சூப்பைச் சூடாக அருந்தலாம். 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆனால் நாவின் சுவைக்கு மாவட்ட எல்லை ஏது?

எனினும் நாங்கள் சுவையை மட்டும் நாடி வெளியே செல்வதில்லை. நம் வீடுகளில் உணவு எவ்வாறு பரிமாறப்படுகிறது என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஆடவரும் பிள்ளைகளும் முதலில் உண்பர். மனைவி தோசைக்கல்லுக்கும் கூடத்திற்கும் இடையே நடந்துகொண்டே இருப்பாள். எல்லோரும் கைகழுவிய பின்னரே அவள் அமர்வாள். அதற்குள் கணவர் எழுந்துவிடுவார். ஒரே கூரையின்கீழ் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து ஒரே வேளையில் உண்டது சில நாள்களே என்று சொல்லத்தக்க தம்பதியர் நம்மிடையே எத்தனை பேர்! உணவு விடுதியில் இருவருக்கும் ஒரே வேளையில் இலை விரிகிறது. பரிமாற வேறொருவர் இருக்கிறார். எழுந்து ஓட வேண்டிய தேவை இருவருக்கும் இல்லை. வீட்டில் ஒரு வாரமாகப் பேசி முடியாத செய்தி அங்கே அரைமணி நேரத்தில் பேசி முடிந்துவிடுகிறது.

இந்த ஒரே வரிசை இலை எளிதில் கிடைத்ததன்று. ஒரு காலத்தில் தமிழகத்து உணவு விடுதிகள் பலவற்றில் சாதி பார்த்தே இடம் ஒதுக்கினர். 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, கடைகளிலும் உணவு விடுதிகளிலும் சாதி, சமயம், பால் முதலியவற்றைக் காட்டி எவரையும் தடுக்கலாகாது என்றது. தீண்டாமையின் பெயரால் அவ்வாறு தடுப்பதை 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அதன் பின்னரும், 1957-இல், சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவு விடுதியின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்னும் சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. பெண்களின் நிலையோ வேறு. எழுபதுகளிலும் எண்பதுகளிலும்கூடப் பல ஓட்டல்களில் 'குடும்ப அறை' என்று திரை தொங்கும் தடுப்பறைகள் இருந்தன. பெண்கள் பெரும்பாலும் அவற்றுக்குள் அமர்ந்தே உண்டனர். யார் அருகில் யார் அமர்வது என்பது ஒரு சிறிய செய்தி அன்று. அது மனித மாண்பைப் பற்றியது.

எங்களோடு வாழ்ந்த முதியவர் ஒருவரை இங்கே குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. எங்களுள் ஒருவருக்கு அவர் தாய், மற்றவருக்கு மாமியார். எண்பது வயது கடந்தும் அவர் ஓட்டலில் அமர்ந்து உண்டவர் அல்லர். பெண் பிள்ளைக்கு அது அழகில்லை என்று கேட்டே வளர்ந்தவர். எங்கள் வழக்கம் தொடக்கத்தில் அவருக்கு மனத்தாங்கலாய் இருந்தது. கண் அறுவைச் சிகிச்சைக்குப்பின் ஒருநாள் மருத்துவரைக் கண்டு திரும்பும்போது மதியம் ஆகிவிட்டதால், அவரையும் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துச் சென்றோம். மூன்று இலைகளிலும் சோறு விழுந்தது. அவர் கை வைக்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் மொதல்ல சாப்புடுங்க கண்ணு. நான் அப்புறம் சாப்புட்டுக்கறேன்" என்றார். பரிமாறிய இளைஞர் அதைக் கேட்டுவிட்டு, "பாட்டி, போடறதுக்குத்தான் நான் இருக்கேனே! நீங்க சாப்புடுங்க" என்று சொல்லிக் குழம்பை ஊற்றினார். அதன் பின்னரே அவர் முதல் கவளத்தை எடுத்தார். நடுவில் ஒருமுறை, எங்களுக்குத் தண்ணீர் எடுத்துவர எழவும் முயன்றார்.

வீட்டுக்கு வந்து பாயில் அமர்ந்தவர், கடையைப் பற்றியோ கறியின் சுவையைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. "சோறு சூடா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். அறுபது ஆண்டுகள் வீட்டார் அனைவருக்கும் சுடுசோறு படைத்துவிட்டுத் தாம் ஆறிய சோற்றை உண்டவரின் சொல் அது. அன்று இரவு முதல் எங்கள் வீட்டில் சமைத்த பாத்திரங்களை நடுவில் வைத்து மூவரும் ஒன்றாக அமர்ந்து உண்ணத் தொடங்கினோம். அவர் இறைவனடி சேரும்வரை அவ்வழக்கம் மாறவில்லை. இன்று இருவராய் அமரும்போதும் மாறவில்லை.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். மாதத் தொடக்கத்தில் இதற்கென ஒரு தொகையைத் தனி டப்பாவில் போட்டுவைக்கிறோம். அது தீர்ந்தால் அம்மாதம் வெளியே செல்வதில்லை. கடன் பட்டு உண்பதும் இல்லை. தவக்காலத்தில் அந்த டப்பாவைத் தொடாமல் வைத்து, சேர்ந்த தொகையைப் பிறரன்புப் பணிக்கு அளித்துவிடுகிறோம். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் எட்டிப் பார்க்கும் வயதாகையால் எண்ணெய்ப் பண்டத்தை அளவோடு நிறுத்திக்கொள்கிறோம். கைப்பேசியைப் பையிலிருந்து எடுப்பதில்லை. பரிமாறுபவரைத் 'தம்பி' என்றோ 'அண்ணா' என்றோ அழைக்கிறோம். விரலைச் சொடுக்கி அழைப்பதில்லை. நமக்குச் சூடாகப் பரிமாறிவிட்டுத் தாம் பிந்தி உண்பவர் அங்கேயும் ஒருவர் உண்டல்லவா?

பெரிய ஓட்டலும் விலையுயர்ந்த விருந்தும் இதற்குத் தேவையில்லை. தெருமுனை இட்லிக் கடையின் மரப்பலகையே போதும். வெளியே செல்ல வசதியில்லாத குடும்பங்கள், வாரத்தில் ஒருநாளேனும் வீட்டிலேயே பாத்திரங்களை நடுவில் வைத்து ஒன்றாக அமரலாம். அன்று கடைசித் தோசையைக் கணவர் சுடட்டும். பிள்ளைகள் தண்ணீர் வைக்கட்டும். வீட்டின் அம்மாவும் அன்று சுடுசோறு உண்ணட்டும்.