பிசின் வற்றிய காடு

பிரெஸ்னோவிலிருந்து 168ஆம் எண் நெடுஞ்சாலையில் மலையேறினால் ஷேவர் ஏரி. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில், சுமார் 5,500 அடி உயரம். நண்பர் குடும்பத்தின் மரவீடு அங்கே இருக்கிறது. ஆகஸ்டில் போனபோது, வீட்டைச் சுற்றி முதலில் கண்ணில் பட்டவை வெட்டப்பட்ட பைன் மரங்களின் அடிக்கட்டைகள்.

"இதெல்லாம் தீயில போகலை. தண்ணியில்லாம செத்தது" என்றார் நண்பர்.

2012 முதல் 2016 வரை நீடித்த வறட்சி அது. 2015 ஏப்ரல் 1 அன்று மாநிலத்தின் மலைப்பனி, அந்த நாளில் வழக்கமாக இருக்க வேண்டியதில் 5 சதவீதம்தான். பட்டை துளைக்கும் வண்டு நுழைந்தால் பைன் மரம் பிசினைச் சுரந்து அதை வெளியே தள்ளிவிடும். அதற்கு மரத்துக்குள் நீர் வேண்டும். நீர் வற்றியதும் வண்டுகள் தடையில்லாமல் புகுந்தன. நண்பர் பட்டைத் துண்டு ஒன்றைத் திருப்பிக் காட்டினார். உட்புறம் முழுக்க அவை குடைந்த வளைவு வளைவான தடங்கள். கலிபோர்னியாவில் அப்படிப் பட்டுப்போன மரங்கள் 12 கோடியே 90 லட்சம் என்று 2017இல் அமெரிக்க வனத்துறை கணக்குச் சொன்னது.

அந்தக் காட்டில்தான் 2020 செப்டம்பர் 4 அன்று, பிக் கிரீக் அருகே தீ பிடித்தது. சுமார் 3,80,000 ஏக்கர் எரிந்தது. மாமத் பூல் நீர்த்தேக்கத்தில் முகாமிட்டிருந்தவர்களுக்கு வெளியேற வழி அடைபட்டு, இருநூறுக்கும் மேற்பட்டோரை ராணுவ ஹெலிகாப்டர்கள் மீட்டன. தீ இவ்வளவு பெரிதானதற்குக் காட்டின் அடர்த்தியும் ஒரு காரணம். இங்கே வாழ்ந்த மோனோ பழங்குடியினர் அவ்வப்போது சிறு தீ வைத்துக் காட்டின் அடர்த்தியைக் குறைத்து வந்தவர்கள். அதைத் தடுத்து, நூறாண்டாக ஒவ்வொரு தீயையும் அணைத்துக்கொண்டே வந்தது பெரும்பிழை என்றே நினைக்கிறேன்.

நண்பர் ஏணியைச் சாய்த்துக் கூரைத் தகரவாய்க்காலிலிருந்து பைன் ஊசிகளை அள்ளிப் போட்டார். காற்றில் பறந்து வரும் தீப்பொறி அதில் விழுந்தாலே வீடு போய்விடும். கூரையடிக் காற்றுத் துளைகளுக்கு நெருக்கமான கம்பிவலை. சுவரை ஒட்டி ஐந்தடிக்குச் சரளைக்கல், அதில் செடியில்லை, விறகில்லை. சுற்றிலும் 100 அடிக்குக் காய்ந்த புதர், சருகு சேரவிடக்கூடாது என்பது மாநிலச் சட்டம்.

தண்ணீர்க் கவலை தனி. பலத்த காற்று நாட்களில் கம்பி உரசித் தீப்பிடிக்காமலிருக்க மின்சாரத்தை நிறுத்திவிடுகிறார்கள். கிணற்று மோட்டாரும் நின்றுவிடும். அதனால் மேட்டில் ஒரு தொட்டி, எப்போதும் நிரப்பியபடி. பழைய காப்பீட்டு நிறுவனம் புதுப்பிக்க மறுத்துவிட்டதால், வேறெங்கும் கிடைக்காதவர்களுக்கான ஃபேர் பிளானுக்கு மாறியிருக்கிறார்கள். செலவு கூடிவிட்டது.

வீட்டை அவ்வப்போது வாடகைக்கும் விடுகிறார்கள். "வாடகைக்கு வர்றவங்க முதல்ல கேக்குறது, வெளியில நெருப்பு போடலாமான்னுதான்" என்றார் நண்பரின் மனைவி.

விடுமுறைக்கு இப்படி மலைவீடு எடுக்கும் தமிழ்க் குடும்பங்கள் கலிபோர்னியாவில் நிறைய. உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: கோடையில் வெளியே நெருப்பு வேண்டாம். காரைச் சாலை பார்த்து நிறுத்துங்கள். வெளியேறச் சொன்னால் உடனே கிளம்புங்கள், மூட்டை கட்ட நிற்காதீர்கள்.