பதிவேட்டில் எழுதிய ஒரு வரி

 

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். அவள் மகனுக்குக் காது சரியாகக் கேட்காது. அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். பள்ளி மேலாண்மைக் குழுவில் அவளைத் துணைத் தலைவர் ஆக்கியிருக்கிறார்களாம். "கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டா போதுமா டீச்சர்?" என்றாள்.

எனக்கு ஒரு பையன் ஞாபகம் வந்தது. நான் வேலையில் இருந்தபோது முகாமில் அவனுக்குக் காதொலிக் கருவி கிடைத்தது. 'கருவி வழங்கப்பட்டது' என்று கூட்டப் பதிவேட்டில் எழுதினேன். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பேட்டரி தீர்ந்துபோய் அந்தக் கருவி அவன் வீட்டு அலமாரியில் மாதக்கணக்கில் கிடந்திருக்கிறது. உயரமானவன் என்று அவனைக் கடைசி வரிசையில் உட்கார வைத்ததும் நான்தான். கவனிக்கவில்லை என்று திட்டியிருக்கிறேன். இன்றும் மனசு உறுத்துகிறது. அந்தக் கூட்டத்தில் ஒருவராவது "பையன் கருவியை மாட்டிக்கிட்டு வர்றானா?" என்று கேட்டிருக்கலாம்.

அதனால் அவளிடம் சொன்னேன்: "கையெழுத்து கடைசியில். முதலில் கேள்வி கேள்." 2009 கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். மாற்றுத்திறன் குழந்தைகளுக்குப் பள்ளியில் என்ன வசதி இருக்கிறது, அவர்கள் படிப்பை முடிக்கிறார்களா என்று பார்ப்பதும் குழுவின் வேலைதான்.

என்ன கேட்பது? அப்படி எத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள், இந்த மாதம் எத்தனை நாள் வந்தார்கள் என்று கேட்கலாம். வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் எப்போது வந்தார், வகுப்பாசிரியருக்கு என்ன சொல்லிக் கொடுத்தார் என்றும் கேட்கலாம். சாய்தளம் இருக்கிறது என்றால் எழுந்து போய்ப் பாருங்கள். அது முடியும் இடத்தில் கதவு பூட்டியிருக்கலாம். கழிப்பறையையும் பாருங்கள். பத்தாம் வகுப்பு என்றால் கூடுதல் நேரத்துக்கும், சொல்வதை எழுதுபவருக்கும் முன்கூட்டியே விண்ணப்பித்தாயிற்றா என்று கேளுங்கள். யார், எந்தத் தேதிக்குள் செய்வார் என்று எழுதி வைத்து, அடுத்த கூட்டத்தில் முதலில் அதையே வாசியுங்கள். ஒன்று மட்டும்: குழந்தையின் பெயரைச் சொல்லிச் சபையில் பேச வேண்டாம்.

"டீச்சருங்க கோவிச்சுக்க மாட்டாங்களா?" என்றாள். கோபம் வரும்தான். என்னிடம் அன்று யாராவது கேட்டிருந்தால் எனக்கும் வந்திருக்கும். ஆனால் மறுநாளே அந்தப் பையன் முன்வரிசைக்கு வந்திருப்பான்.

உங்களில் எத்தனை பேர் இப்போது குழுவில் இருக்கிறீர்கள்? தயங்காமல் கேளுங்கள், கண்ணுகளா.