தராசைப் பற்றிப் பேசிய செய்தி வாசிப்பாளர்

ஜோர்ஜ் அழகையாவை நம்மில் பலர் ஒரு பெருமைக்காகவே ஞாபகம் வைத்திருக்கிறோம். பி.பி.ஸி.யின் ஆறு மணிச் செய்தியை வாசித்தவர் நம் நாட்டுத் தமிழர் என்கிற பெருமை. 1955இல் கொழும்பில் பிறந்தார். 1961இல் குடும்பம் கானாவுக்குப் போனது. பதினொரு வயதில் இங்கிலாந்து. 1989இல் பி.பி.ஸி.யில் சேர்ந்து, சோமாலியப் பஞ்சத்தையும் ருவாண்டாவின் இனப்படுகொலையையும் அந்த மண்ணில் நின்று சொன்னவர், 2003இலிருந்து மாலைச் செய்தியின் முகமானார். சுனாமிக்குப் பின் இங்கு வந்தபோது பாட்டனாரின் வீடு அழிந்திருந்தது. சகோதரிகளோடு விளையாடிய பழைய கிணற்றை மட்டும் அடையாளம் கண்டுகொண்டார்.

பதுளையிலிருந்து பார்க்கிற எனக்கு அவருடைய வேறொரு காரியமே பெரிதாகப் படுகிறது. 2002 முதல் 2009 வரை பிரித்தானியாவின் ‘ஃபெயார்ட்ரேட்’ அறக்கட்டளைக்கு அவர் புரவலர். (நம் வட்டத்தில் புரவலர் என்றால் நூல் வெளியீட்டில் முதற்பிரதி வாங்குபவர், அங்கே வேலை அதைவிடக் கொஞ்சம் கூடுதல்.) விளைவிக்கிறவனுக்கு நியாயமான விலை கிடைக்க வேண்டும் என்பதே அந்த அமைப்பின் பேச்சு. 1994இல் அதன் முத்திரையோடு முதன்முதல் கடைக்கு வந்தவை மூன்று: சொக்கலேட், கோப்பி, தேயிலை.

தேயிலை என்றதும் ஊவாக்காரனுக்குக் காது நிமிரும். முத்திரை பெற்ற தோட்டத்துத் தேயிலையை அந்த நிபந்தனையில் வாங்குகிறவர், விலைக்கு மேலே கிலோவுக்கு ஒரு தொகை வைக்க வேண்டும். அது துரையின் கைக்குப் போகாது. தொழிலாளர் தேர்ந்தெடுத்த குழு தீர்மானித்துச் செலவழிக்கும்: பிள்ளைகளின் படிப்பு, கூரைத்தகடு, தண்ணீர்க் குழாய். நல்ல ஏற்பாடுதான். ஆனால் முத்திரை பெற்ற தோட்டங்களும் தம் விளைச்சலில் சிறு பங்கையே அந்த நிபந்தனையில் விற்க முடிகிறது. மேலும் அது சம்பளம் அல்ல. நாட்சம்பளம் 1,000 ரூபா என்பது எத்தனையோ வருடக் கூச்சலுக்குப் பின் 2021இல்தான் வர்த்தமானியில் வந்தது.

2009இல் பி.பி.ஸி. அவரைப் புரவலர் பதவியிலிருந்து விலகச் சொன்னது. செய்தி வாசிப்பவர் பக்கம் சார்ந்தவராகத் தெரியக்கூடாது என்பது காரணம். விலகினார். நிறுவனத்தின் நியாயம் எனக்கு விளங்காமல் இல்லை. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. வெள்ளத்துக்கு உண்டியல் ஏந்துகிற வாசிப்பாளரை எல்லோரும் மெச்சுவார்கள். விலையைப் பற்றிப் பேசினால் மட்டும் அது கட்சியாகிவிடுகிறது.

2014இல் குடற்புற்றுநோய் கண்டபோது அது நான்காம் கட்டம். அப்போதும் அவர் அனுதாபம் கேட்கவில்லை, கணக்குக் கேட்டார். ஸ்கொட்லாந்தில் 50 வயதிலேயே பரிசோதனை, இங்கிலாந்தில் ஏன் 60? 2023 ஜூலை 24இல் காலமானார். இங்கிலாந்திலும் அந்த வயதெல்லை படிப்படியாக 50க்கு இறங்கிவிட்டது.

நாமும் கொடுக்காதவர்கள் அல்ல. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது எங்கள் கடைத்தெருவில் அரிசியும் பாயும் சேர்த்தோம். 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் அப்படியே. சதகா என்றால் நம் கை தாராளம். ஆனால் மண் சரியாத நாட்களில், மலைச்சரிவில் கொழுந்து நிறுக்கிற இடத்தில், சாக்குக்கென்று இத்தனை கிலோ, ஈரத்துக்கென்று இத்தனை கிலோ எனக் கழிக்கிறார்கள். கிலோ குறைந்தால் அந்தப் பெண்ணுக்கு அரைப் பேர்தான். அளவை நிறுவையில் குறை செய்கிறவர்களை எச்சரிக்கவென்றே ஓர் அத்தியாயம், ஸூரா முதஃப்ஃபிஃபீன், இறங்கியிருக்கிறது. அதை வைத்து நம் மிம்பர்களில் தேயிலைத் தராசைப் பற்றி ஒரு குத்பாவும் நான் கேட்டதில்லை. கேட்டவர்கள் இருந்தால் எந்த ஊர்ப் பள்ளியில் என்று எழுதுங்கள்.